பஞ்சுக்கு நடுவே ஒரு ஹார்டு டிஸ்க்

லேப்டாப்பை ராத்திரி பகலா ஓட விடலாமான்னு கேட்டால், திருப்பூரில் பதில் கொஞ்சம் வேற. 2011-ல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்பில் உங்க அண்ணனோ அக்காவோ படிச்சு முடிச்சிருப்பாங்க. அதுவோ அதே வயசுள்ள இன்னொண்ணோ இப்போ ஏதாவது பனியன் கம்பெனி ஆபீஸ் மேசையில் அணையாமல் ஓடிக்கிட்டிருக்கலாம். ஆர்டர் ஷீட், பேக்கிங் லிஸ்ட், டேலி கணக்கு எல்லாம் அதில்தான். உள்ளே சுழல்வது பழைய ஹார்டு டிஸ்க்.

லேப்டாப்பில் வரும் 2.5 அங்குல டிஸ்குக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தரும் உச்ச வரம்பு 60 டிகிரி செல்சியஸ். 45 வரை கவலையே வேண்டாம். 50-ஐத் தாண்டினால் கவனிக்கணும்.

குளிர்ச்சியா வெச்சா டிஸ்க் ரொம்ப நாள் வரும்னு நாம நினைப்போம். 2007-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. குறைந்த வெப்பத்தில் இருந்தவைதான் அதிகம் பழுதாகின. சூடு தெளிவாகப் பாதித்தது, 3 வருஷம் கடந்த டிஸ்குகளை. நம்ம ஆபீஸ் லேப்டாப் எந்த வகைன்னு சொல்லவே வேண்டாம்!

ஆனா அந்த டிஸ்குகள் இருந்தது டேட்டா சென்டரில். இங்கே நிட்டிங், கட்டிங் செக்‌ஷனில் பறக்கும் பஞ்சு ஃபேன் வழியா உள்ளே போய் ஹீட் சிங்க் இடுக்கில் மெத்தை மாதிரி படியும். டிஸ்குக்கு உள்ளே பஞ்சு போகாது, அதன் காற்றுத் துளையில் ஃபில்டர் உண்டு. காற்று வெளியேற வழியில்லாமல் முழு லேப்டாப்பும் சூடாகி, டிஸ்கும் சேர்ந்து வேகும். லேப்டாப்பைத் துணிக் கட்டு மேல வெச்சா அடிப்பக்கத் துளையும் அடைபடும்.

அதனால டிஸ்க் வெப்பத்தை மட்டும் பார்த்தா பத்தாது, அறை வெப்பத்தைக் கழிச்சுப் பாருங்க. ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்தில் படிச்சதுதான்: அதே வேலை, அதே வாட் என்றால், வெப்பத் தடை கூடும்போதுதான் இந்த வித்தியாசம் கூடும். காலையில் அறை 28, டிஸ்க் 41 என்றால் வித்தியாசம் 13. ஏப்ரல் மத்தியானம் அறை 37, டிஸ்க் 50 என்றாலும் 13-தான், அது வெயில். அதே 37-ல் டிஸ்க் 57 காட்டினால் வித்தியாசம் 20. அது பஞ்சு.

விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் போதும். 194-ம் எண் வெப்பம். கூடவே 5, 197 ரெண்டையும் பாருங்க. பழுதாகி ஒதுக்கப்பட்ட செக்டர்களும், ஒதுக்கக் காத்திருப்பவையும் அதில் தெரியும். எண் ஏறிக்கிட்டே போனா அன்னைக்கே ஃபைல்களை வேற டிஸ்குக்கு மாத்திடணும். எண் ஏறலைன்னாலும் காப்பி எடுக்காம விடக்கூடாது. கூகுள் பார்த்ததில் பழுதான டிஸ்குகளில் பாதிக்கு மேல் இந்த மாதிரி முக்கிய எச்சரிக்கை எதையும் காட்டவே இல்லை. ஷிப்மென்ட் அன்னைக்குப் பேக்கிங் லிஸ்ட் திறக்கலைன்னா கன்டெய்னர் காத்திருக்காதுங்க.

சுத்தம் பண்ண மெஷினுக்கு அடிக்கிற கம்ப்ரசர் கன்னை அப்படியே காட்டாதீங்க. அழுத்தம் அதிகம், லைனில் தண்ணியும் வரும். லேப்டாப்பை அணைச்சு, பேட்டரியைக் கழட்ட முடிஞ்சா கழட்டி, ஃபேன் சுத்தாம ஒரு பல்குச்சியால் பிடிச்சுக்கிட்டு, சின்ன புளோயரால் விட்டு விட்டு ஊதுங்க. ஊதுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அந்த வித்தியாசத்தைக் குறிச்சு வெச்சா எவ்வளவு பஞ்சு போச்சுன்னு எண்ணிலேயே தெரியும்.