விளக்கெண்ணெயின் பாகுநிலை 986 தானா?

உயரமான கண்ணாடிக் குழாயில் விளக்கெண்ணெய். அதில் ஒரு சிறு எஃகுக் குண்டு மெல்ல இறங்குகிறது. மாணவர் நேரம் எடுத்து, ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்குப் போடுகிறார். சுமார் 450 மில்லிபாஸ்கல் விநாடி வருகிறது. புத்தகத்தில் 986. தப்பாகிவிட்டதென்று விடையை அடித்துத் திருத்துகிறார். அவர் அளந்ததுதான் சரி. புத்தகத்து எண் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. ஆய்வகத்தில் அன்று 30 டிகிரி. பாகுநிலை மதிப்பு தேடும் எவரும் இதை மனதில் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• எண்ணுக்கு முன் வெப்பநிலையைப் பாருங்கள். தண்ணீருக்கே 20 டிகிரியில் 1.00, 30 டிகிரியில் 0.80, 100 டிகிரியில் 0.28. வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல் திரவத்துக்குள் வையுங்கள்.

• அலகைச் சரிபாருங்கள். 1 சென்டிபாய்ஸ் என்பது 1 மில்லிபாஸ்கல் விநாடி. 1 பாய்ஸ் என்பது 100 சென்டிபாய்ஸ். சந்தேகம் வந்தால் அதே அட்டவணையில் தண்ணீரின் வரிசையைத் தேடுங்கள். 20 டிகிரியில் அங்கே 1 இருந்தால் அலகு சென்டிபாய்ஸ்.

• டைனமிக் மதிப்பா, கைனமாட்டிக் மதிப்பா என்று பாருங்கள். முன்னதை அடர்த்தியால் வகுத்தால் பின்னது. பாதரசம் டைனமிக் கணக்கில் தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு. கைனமாட்டிக் கணக்கில் ஒன்பதில் ஒரு பங்குதான்.

• திரவத்தின் தூய்மையைக் கவனியுங்கள். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஒரு சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே 20 டிகிரியில் 1410 என்பது 1150 ஆகிவிடும். பாட்டிலைத் திறந்து வைக்காதீர்கள்.

• மெஷின் ஆயிலுக்குத் தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 46 என்றால் 40 டிகிரியில் ஏறத்தாழ 46 சென்டிஸ்டோக்ஸ்.

செய்யக்கூடாதவை

• இரு வெப்பநிலைகளுக்கு நடுவே நேர் சராசரி எடுக்காதீர்கள். விளக்கெண்ணெய்க்கு 20 டிகிரியில் 986, 40 டிகிரியில் 231. சராசரி 608; ஆனால் 30 டிகிரியில் உண்மை மதிப்பு 451. மடக்கை எடுத்துச் சராசரி கண்டால் 477 வரும். அது எவ்வளவோ பக்கம்.

• கலவைக்கும் சராசரி போடாதீர்கள். எடையில் பாதி கிளிசரின், பாதி தண்ணீர் சேர்ந்தால் 20 டிகிரியில் 700 வராது. வெறும் 6 தான்.

• 'கெட்டி' என்ற சொல்லை நம்பி அடர்த்தியையும் பாகுநிலையையும் குழப்பாதீர்கள். விளக்கெண்ணெய் தண்ணீரில் மிதக்கும். ஆனால் ஊற்றினால் நூலாக இழுத்துக்கொண்டு விழும்.

• தக்காளி சாஸுக்கும் பெயிண்டுக்கும் ஒற்றை எண் தேடாதீர்கள். கலக்கும் வேகத்துக்கேற்ப அவற்றின் பாகுநிலை மாறும்.

• தேனுக்கு ஒரே மதிப்பை எழுதாதீர்கள். அதிலுள்ள ஈரப்பதத்தைப் பொறுத்து ஆயிரக்கணக்கில் வேறுபடும்.

• புத்தகத்தோடு பொருந்தவில்லை என்பதற்காக அளந்த மதிப்பை அடிக்காதீர்கள். பக்கத்தில் '30 டிகிரி' என்று எழுதுங்கள். எண்ணை அப்படியே விடுங்கள்.