நிகழ்வுப் பதிவும் நிரல் நூலகமும்

நம் கல்லூரியில் வகுப்புதோறும் வரவு இடாப்பு உண்டு. அதிபர் அறையிலே சம்பவத்திரட்டுப் புத்தகமும் உண்டு. கணினி நிரல்களுக்கும் அத்தகைய புத்தகம் வேண்டற்பாலது. நிரல் இயங்குங்கால் நிகழ்வனவற்றை நேரத்தோடு குறித்து வைத்தலே நிகழ்வுப் பதிவு எனப்படும். நள்ளிரவில் நிரலொன்று நின்றுவிடின், காலையில் வந்து ஆராய்வோனுக்குப் பெருந்துணையாவது அப்பதிவேயாம்.

தமிழாசிரியராகிய யாம் இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம், நிரலெழுதும் மாணவர் சிலர் எம்மிடம் கேட்ட வினாவாகும்: "பலர்க்கும் பொதுவான நிரல் நூலகம் தன் பதிவை எங்கே எழுதுவது?"

நிரல் நூலகமென்பது ஈண்டு வாசிகசாலை அன்று. பல செயலிகள் எடுத்தாளுதற்கென எழுதிவைத்த நிரல்களின் தொகுதி. அதனை எவர் எவ்விடத்தில் ஆள்வர் என்பதை ஆக்கியோன் அறியான். ஆதலின் நூலகம் தானே கோப்பொன்றைத் திறந்து எழுதுதல் முறையன்று. வருகை தந்த ஆசிரியர் தாம் கண்டதை அதிபரிடம் கூறலாம். அதிபரின் அலுமாரியைத் திறந்து தாமே எழுதலாமோ? மேலும், நூலகம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பதிவுக் கருவியைக் கொணருமாயின், செயலியை ஆக்குவோன் அவை அனைத்தையும் மேய்க்க வேண்டியவனாவான்.

இதற்குத் தீர்வு சிறியதோர் இடைமுகம். அதன்வழி நூலகம் கூற வேண்டியவை மூன்றே: கூறுவது எப்பகுதி, செய்தியின் தரம் யாது (தகவல், எச்சரிக்கை, பிழை என்றாற்போல), செய்தி யாது. எங்கே எழுதுவது, எவ்வடிவில் எழுதுவது, எத்தரத்தை விலக்குவது என்பன செயலியின் உரிமை. செயலி ஒன்றும் ஏற்பாடு செய்யாவிடின், நூலகத்தின் கூற்று ஓசையின்றி மறைதல் வேண்டும். அதனால் நிரல் நின்றுவிடலாகாது. பைதன் மொழியில் 2003இல் வந்த 2.3ஆம் பதிப்பிலேயே பதிவுத் தொகுதி சேர்ந்தது. பின்னர், எதனையும் எழுதாத வெற்றுக் கையாளியும் அதிற் சேர்க்கப்பட்டது. நூலகம் அவ்வொன்றையன்றி வேறு கையாளியை இணைக்கலாகாதென அதன் கையேடு அறிவுறுத்துகின்றது.

இவ்வொழுங்கின் பயனை 2021 டிசம்பர் மாதம் காட்டிற்று. ஜாவா மொழியின் லொக்4ஜே என்னும் பதிவுக் கருவியிற் பெருங்குறை வெளிப்பட்டது. பதிவு செய்யக் கொடுத்த செய்தியுள் குறித்தவொரு சொற்றொடர் இருப்பின், அக்கருவி அதனைக் கட்டளையாகக் கொண்டு, அயற்கணினியிலிருந்து நிரலைப் பெற்று இயக்க இடமளித்தது. அதன் ஆபத்து 10க்கு 10 என மதிப்பிடப்பட்டது. தாம் நேரே சேர்க்காத அக்கருவி, பிற நூலகங்களின் வழியே தம் செயலியுள் நுழைந்திருந்தமையைப் பலர் அப்போதே கண்டனர்.

அக்கருவி இடைமுகம், அகம் என இரு கூறுடையது. குறை அகத்தில் மட்டுமே இருந்தது. இடைமுகத்தை மட்டும் சார்ந்த நூலகங்களிற் திருத்த வேண்டியது யாதுமில்லை. செயலியை ஆக்கியோன் அகத்தைப் புதுப்பித்தல் அல்லது மாற்றுதல் போதியதாயிற்று.

மாணவர் இதிற் கொள்ளத்தக்கவை இரண்டு. நூலகம் கூறுக, எழுதும் உரிமையைச் செயலிக்கு விடுக. எழுதும் கருவியோ பிறர் சொல்லை எழுதுவதோடு அமைக, அச்சொல்லின்படி நடவாதொழிக.