மூன்றாம் வாரத்தில் மறுபடியும் வெள்ளைப் படிவு ஏன்?

கேள்வி: நானும் கணவரும் லாஸ் வேகஸில் ஓர் ஆர்.வி. பார்க்கில் எங்கள் வண்டியிலேயே மாதக்கணக்கில் தங்கியிருக்கிறோம். ஊரிலிருந்து அம்மாவும் வந்திருக்கிறார். குழாய், ஷவர் எல்லாம் வெள்ளை பூத்துவிடுகின்றன. வாட்டர் ஹீட்டரின் எலிமென்ட் ஒருமுறை போயே போய்விட்டது. 16,000 கிரெய்ன் வாட்டர் சாஃப்ட்னர் வாங்கி மாட்டினோம். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மூன்றாம் வாரம் பழைய கதைதான். அதில் கோளாறா? எப்படிப் பொருத்திப் பராமரிப்பது? ரத்த அழுத்தம் உள்ள அம்மா இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: கோளாறாக இருக்காது, அதற்கு உப்புப் போடும் நாள் வந்திருக்கிறது. கணக்கைப் பாருங்கள். உங்கள் ஊர்த் தண்ணீர் பெரும்பாலும் கொலராடோ ஆற்றிலிருந்து மீட் ஏரி வழியாக வருவது. கடினத்தன்மை லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினாலே மிகக் கடினநீர். அங்கே சுமார் 280. கேலனுக்கு ஏறக்குறைய 16 கிரெய்ன். 16,000-ஐ 16-ஆல் வகுத்தால் 1,000 கேலன். மூவர் நாளுக்கு 60 கேலன் செலவழித்தால் 16 நாளில் சாஃப்ட்னரின் சக்தி தீர்ந்துவிடும்.

ஊரில் போர்த் தண்ணீரை ‘உப்புத் தண்ணீர்’ என்போம். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதற்குக் காரணம் சமையல் உப்பு அல்ல, கால்சியமும் மெக்னீசியமும்தான். சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் இவற்றைப் பிடித்துக்கொண்டு, தம்மிடம் உள்ள சோடியத்தைத் தண்ணீரில் விடுகின்றன. சோடியம் தீர்ந்ததும் மணிகள் சும்மா இருக்கும். உப்புநீர் பாய்ச்சினால் மறுபடியும் வேலை செய்யும்.

பொருத்தும் வரிசை: பார்க் குழாயில் முதலில் பிரஷர் ரெகுலேட்டர், அடுத்து மண், துரு பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர், பிறகு சாஃப்ட்னர், கடைசியில் வண்டி. குடிநீருக்கான ஹோஸையே பயன்படுத்துங்கள். சாஃப்ட்னர் சாயாமல் நிமிர்ந்து நிற்கட்டும்.

உப்புப் போடும் முறை: குழாயை மூடி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, வண்டிக்குப் போகும் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே உப்புக்கு இடம் வருமளவு தண்ணீரை வடியுங்கள். சாதாரணத் தூளுப்பே போதும்; கல்லுப்பு மெதுவாகத்தான் கரையும். உங்கள் அளவு சாஃப்ட்னருக்கு வழக்கமாக 26 அவுன்ஸ் பெட்டிகள் இரண்டு, கையேட்டில் சரிபாருங்கள். முதல் பெட்டியைக் கொட்டி, மூடி, தண்ணீரை மெல்லிய ஒழுக்காக 20 நிமிடம் விடுங்கள். இரண்டாம் பெட்டிக்கும் அப்படியே. அவசரப்பட்டு வேகமாக விட்டால் உப்பு வீணாக அடித்துக்கொண்டு போய்விடும். பிறகு முழு வேகத்தில், நாக்கில் உப்புச் சுவை தெரியாதவரை அலசுங்கள். கழிவுநீரைப் புல்லில் விடாதீர்கள், கருகிவிடும். சாக்கடை இணைப்பில் விடுவதே முறை.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். தண்ணீர்த் தொட்டியை பிளீச் ஊற்றிச் சுத்தம் செய்யும்போது அந்தத் தண்ணீர் சாஃப்ட்னர் வழியாகப் போகக்கூடாது; குளோரின் ரெசினைக் கெடுக்கும். பனிக்காலத்தில் சாஃப்ட்னரை முழுவதும் வடித்துவிட்டு உறையாத இடத்தில் வையுங்கள். உங்கள் ஹீட்டரில், தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோட் ராடு இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள். மென்னீரில் அது சீக்கிரம் கரையலாம்.

அம்மாவைப் பற்றி: ஒரு கிரெய்ன் கடினத்தன்மை போனால் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் சோடியம் சேரும். உங்கள் தண்ணீரில் அது 125-ஐத் தாண்டும். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை அம்மா குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. தண்ணீரோ, சாஃப்ட்னருக்கு முன்னால் பிடித்த தண்ணீரோ நல்லது. சாஃப்ட்னர் கிருமியைக் கொல்லாது என்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே தண்ணீர். வண்டியில் இருப்பவர்களுக்கு ஊருக்கு ஒரு தண்ணீர். ஓரிகனின் போர்ட்லாந்தில் தண்ணீர் இயல்பாகவே மென்மையானது, சாஃப்ட்னரே தேவைப்படாது. எனவே புது இடத்தில் இறங்கியதும் ஹோஸை மாட்டும் முன் கடினத்தன்மை காட்டும் சோதனைப் பட்டையைக் குழாய்த் தண்ணீரில் நனையுங்கள். வந்த கிரெய்ன் எண்ணால் 16,000-ஐ வகுத்து, கிடைத்த கேலனை உங்கள் ஒரு நாள் செலவால் வகுத்து, அடுத்து உப்புப் போடும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே போட்டுவிட்டால் உங்கள் எலிமென்ட் தப்பிக்கும்.