வீட்டு மொழியோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகள்

திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பி.எட். படிப்பின் ஆசிரியப் பயிற்சிக் காலம் அது. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையனின் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ‘தப்பு’ அடையாளம். 12-ஐ 2-ஆல் பெருக்கி 28 என்று எழுதியிருந்தான். 7 வரவேண்டிய இடங்களில் 9 இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சிறிய கூட்டல் போடச் சொன்னேன். விரல் விட்டு எண்ணினான், நான்கு விரலைக் காட்டினான், நோட்டில் 8 என்று எழுதினான்.

வங்காள எழுத்தில் நான்கு என்ற இலக்கம் பார்ப்பதற்கு நம்முடைய 8 போலவே இருக்கும். அவர்களுடைய ஏழு நமக்கு 9 போலத் தெரியும். ஊரில் ஐந்தாம் வகுப்புவரை வங்காள வழியில் படித்தவன் அவன். அவன் எழுதியிருந்தது 24. கணக்கில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை; அதைப் படித்துப் பார்க்க வகுப்பறையில் ஆள் இல்லை, அவ்வளவுதான். இரண்டு வகை இலக்கங்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிய அட்டை ஒன்றை அவன் மேசையில் ஒட்டினேன். சில நாளில் சிவப்பு மை குறைந்தது.

இரண்டாம் மொழியில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி நான் சொல்ல வருவது இதுதான். அவர்கள் ஒன்றும் தெரியாமல் வருவதில்லை. அவர்களுக்கு என்ன தெரியும் என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது ஆசிரியரின் முதல் வேலை. பாடம் நடத்துவது அதற்கு அடுத்தது.

கேரளத்தில் இது ஏதோ நாலைந்து பிள்ளைகளின் பிரச்சினை இல்லை. திருவனந்தபுரத்திலேயே இருக்கும் குலாத்தி நிதி, வரிவிதிப்பு நிறுவனம் 2013-இல் நடத்திய ஆய்வு, மாநிலத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. முதலில் ஆண்கள் தனியாக வந்தார்கள். பிறகு குடும்பங்கள் வரத் தொடங்கின. வங்காளம், அசாம், ஒடிசா, பீகார் என்று பல ஊர்ப் பிள்ளைகள் இன்று நம் அரசுப் பள்ளி பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே இங்கே இருப்பவர்கள் நாம். திருவனந்தபுரத்தின் சாலைக் கடைவீதியிலும் கரமனையிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள், வீட்டில் தமிழும் வாசலைத் தாண்டினால் மலையாளமுமாக வளர்ந்தவர்கள். நானும் அப்படி வளர்ந்தவள். சாலையில் கடை வைத்திருந்த எழுத்தாளர் ஆ. மாதவன் மலையாள நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நீல. பத்மநாபன் இரண்டு மொழியிலும் எழுதினார். இரண்டு மொழி கூடினால் மூளை குழம்பும் என்று யாராவது சொன்னால் இந்த ஊரைக் காட்டினாலே போதும்.

புதிதாக வரும் பிள்ளையிடம் முதலில் தெரிவது மௌனம். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கும், பேசாது. நாள் போகப் போக ‘மந்தம்’ என்ற முத்திரை விழுந்துவிடும். இந்த மௌனத்தை மொழி கற்றலின் இயல்பான ஒரு கட்டமாகவே ஸ்டீபன் கிராஷென் போன்ற மொழியியலாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். பிள்ளை வாயைத் திறக்காத அந்தக் காலத்தில் காது ஓயாமல் வேலை செய்கிறது. நமக்கு வேண்டியது பொறுமை. ஆனால் பொறுமை என்ற பெயரில் பிள்ளையைக் கடைசி பெஞ்சில் விட்டுவிடக் கூடாது. வாய் திறக்காமலே பதில் சொல்ல வழி செய்து தர வேண்டும்.

அசாமிலிருந்து வந்த ஒரு சிறுமியிடம் நான் செய்தது இது. அறிவியல் வகுப்பில் செடியின் பாகங்கள். பள்ளித் தோட்டத்திலிருந்து ஒரு செடியை வேரோடு எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். “வேர் எது? தொட்டுக் காட்டு” என்று மலையாளத்தில் கேட்டேன். தொட்டாள். சில நாள் கழித்து, “இது வேரா?” என்று கேட்டேன். ஆமாம், இல்லை என்று தலையாட்டினால் போதும். அதன்பின், “இது வேரா, தண்டா?” இதற்குப் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, எடுத்துச் சொன்னால் போதும். பிறகுதான் “இது என்ன?” கடைசியாக “வேர் என்ன வேலை செய்கிறது?” இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் பிள்ளை வெற்றி பெறுகிறது. நாமோ பெரும்பாலும் கடைசிக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிட்டுப் பதில் இல்லை என்று நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சிறுமி முதன்முதலாகத் தானாகப் பேசியது மதியச் சாப்பாட்டு வரிசையில். “சாரே, மோர் வேணும்” என்றாள். திருவனந்தபுரத்தில் டீச்சரையும் ‘சாரே’ என்று கூப்பிடுவதுதான் பிள்ளைகளின் வழக்கம். அந்தப் பழக்கம்கூட அவள் காதில் ஏறியிருந்தது. சாப்பாட்டு வரிசையையும் விளையாட்டுத் திடலையும் நான் மொழி வகுப்பாகவே எண்ணுகிறேன். பரிமாறும் பொறுப்பைப் புதுப் பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். வேணுமா, போதுமா, இன்னும் கொஞ்சம் என்பவை ஒரு வாரத்தில் வந்துவிடும்.

பிழைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்காளத்தில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்த மொழி பேசி வளர்ந்த பிள்ளை தன் அம்மாவை ‘அவன்’ என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும். ‘வ’ வரும் இடத்தில் ‘ப’ ஒலியை அழுத்திச் சொல்லும். இதே தடுமாற்றம் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வேறு இடத்தில் உண்டு. மலையாள வினைச்சொல் நான், நீ, அவர்கள் எல்லாருக்கும் ஒரே வடிவில் நிற்கும். தமிழ்ப் பிள்ளை ‘ஞான் போயேன்’ என்று தமிழ் விகுதியை ஒட்டிவிடும். தமிழில் ஒரே ககரத்தை இடத்துக்கேற்ப ஒலித்துப் பழகியவர்களுக்கு, மலையாளத்தின் நான்கு ககரங்களும் பெரிய மலை. இவை எதுவும் கவனக்குறைவால் வருவதல்ல. தாய்மொழியின் விதியைப் பிள்ளை சரியாகவே கொண்டுவந்து பொருத்திப் பார்க்கிறது. ஆகவே வாக்கியத்தை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். ‘ஞான் கடைக்குப் போயேன்’ என்றால், “ஓ, கடயில் போயி, அல்லே? எந்து வாங்ஙி?” என்று சரியான வடிவத்தை நம் பதிலில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடரலாம். காது எடுத்துக்கொள்ளும்.

இனி வருவது பலரும் கவனிக்காத இடம். ஓராண்டுக்குள் அந்தப் பிள்ளை திடலில் சரளமாக மலையாளம் பேசும், சண்டைகூடப் போடும். ‘மொழி வந்துவிட்டது’ என்று உதவியை நிறுத்திவிடுவார்கள். பேச்சு மொழிக்கும் பாட மொழிக்கும் உள்ள வேறுபாட்டை ஜிம் கம்மின்ஸ் என்ற கனடிய அறிஞர் 1979-இலேயே எடுத்துச் சொன்னார். பேச்சு மொழி ஓரிரு ஆண்டில் வந்துவிடும். பாடப்புத்தக மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். ‘மொத்தத்தில் எஞ்சியது எத்தனை’, ‘காரணம் கூறுக’ போன்ற நடை திடலில் கிடைக்காது. அதனால் நான் வாக்கியக் கணக்குகளை அப்படியே கொடுப்பதில்லை. முதலில் கதையை வாயால் சொல்வேன், பிள்ளைகள் படம் வரைவார்கள், அதன்பிறகு புத்தக வாக்கியத்தைப் படிப்போம். மலையாளமே தாய்மொழியான பிள்ளைகள் சிலருக்கும் இது உதவியது.

வடக்கிலிருந்து வந்த பிள்ளை என்றாலே இந்தியில் பேசுவது ஒரு நல்லெண்ணத் தவறு. ஒடியா, வங்காளப் பிள்ளைகளுக்கு இந்தியும் இன்னொரு அந்நிய மொழியாக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெற்றோரிடம் ‘வீட்டிலும் மலையாளமே பேசுங்கள்’ என்று சொல்லும் பழக்கத்தை விட வேண்டும். தனக்கே சரியாக வராத மொழியில் ஒரு தாய் பிள்ளைக்குக் கதை சொல்ல முடியாது, கண்டிக்க முடியாது, காரணம் விளக்க முடியாது. வீட்டில் தாய்மொழி வளமாக ஓடினால் இரண்டாம் மொழி அதன்மேல் ஏறி நிற்கும். சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி தரப்பட வேண்டும் என்று அரசியலமைப்பில் 1956-இல் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவே சொல்கிறது. இதை வகுப்பறையில் செய்துகாட்டிய முயற்சியும் நம் மாநிலத்தில் உண்டு. எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-இல் பினானிபுரம் பள்ளியில் ‘ரோஷ்ணி’ திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளையின் மொழி தெரிந்த தன்னார்வலர் ஒருவர், பள்ளி தொடங்கும் முன்பே கூடுதல் வகுப்பு எடுப்பார். பிள்ளையின் மொழியில் தொடங்கி மலையாளத்துக்குப் படிப்படியாகக் கூட்டிச் செல்வார். காலைச் சாப்பாடும் கொடுத்தார்கள். பசியோடு வரும் பிள்ளைக்கு எந்த மொழியும் ஏறாது என்பதை அறிந்தவர்கள் போட்ட திட்டம் அது. பிறகு மாவட்டத்தின் பல பள்ளிகளுக்கும் பரவியது. திருவனந்தபுரத்திலும் இப்படி ஒன்று வேர்பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

என்னோடு படித்து வெளியே வரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூனில் பள்ளி திறக்கும்போது உங்கள் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் மூன்று விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் என்ன மொழி, இதற்குமுன் எந்த மொழி வழியில் எந்த வகுப்புவரை, எந்த எழுத்தில் எழுதவும் எண்ணவும் தெரியும். சேர்க்கைப் படிவத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லாவிட்டால் உங்கள் நோட்டிலேயே எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு முதல் பாடத்தைத் திட்டமிடுங்கள்.