வோல்ட் எங்கே தொலைகிறது?

கோவை

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். உங்கள் ரைடு பார்க்கில் வரிசையில் நிற்கும் ஏ.டி.வி.களில் ஒன்று மட்டும் பேட்டரியைத் தின்கிறது. புது பேட்டரி போட்டார்கள், கொஞ்ச நாளில் செல்ஃப் எடுக்கவில்லை. ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட்டை மாற்றினார்கள், அப்போதும் அதே கதை. இப்போது ஷெட்டில் இருக்கும் அண்ணன், "காயில் பிளேட்தான் போயிருக்கும், மேக்னெட்டைக் கழற்றிடலாம்" என்கிறார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இதுவரை யாரும் எதையும் அளக்கவில்லையே! மீட்டரைப் பிடித்து 12.9 என்று ஒரு எண்ணை எழுதியனுப்பியவள் நீ ஒருத்திதான். அந்த எண்ணிலிருந்தே தொடங்குவோம்.

உன் வண்டியில் இருப்பது ஜி.ஒய்.6 ரக 150 சிசி இன்ஜின். ஹோண்டா வடிவமைப்பின் வழிவந்தது. தைவானின் கிம்கோ தயாரித்தது, பிறகு சீனத்து ஆலைகள் பலவும் நகலெடுத்து ஸ்கூட்டர், கோ-கார்ட், ஏ.டி.வி. என்று எல்லாவற்றிலும் மாட்டிவிட்டன. அதன் சார்ஜிங்கில் மர்மம் எதுவும் கிடையாது. கிராங்கோடு சேர்ந்து மேக்னெட் சுற்றுகிறது, உள்ளே காயில் அசையாமல் நிற்கிறது, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டதற்கு மேல் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பிறப்பது ஏ.சி. மின்சாரம், வேகம் கூடக் கூட வோல்டேஜும் கூடும். ஆர்.ஆர். அதை டி.சி.யாக மாற்றி, பதினாலரை வோல்ட்டுக்கு மேல் போகாமல் பிடித்து வைக்கிறது. அங்கிருந்து சிவப்பு வயர், கப்ளர், பியூஸ், பேட்டரி. பேட்டரியின் மைனஸிலிருந்து எர்த் வழியாகத் திரும்பவும் காயிலுக்கு. ஒரு முழுச் சுற்று. உன் ஷெட்டில் இதுவரை எல்லாரும் "எந்தச் சாமான் போச்சு?" என்றே கேட்டிருக்கிறார்கள். இந்தச் சுற்றில் வோல்ட் எந்த இடத்தில் தொலைகிறது என்று நீ கேள். சாமானைக் கேட்டால் கடைக்காரர் பதில் சொல்வார், இடத்தைக் கேட்டால் மீட்டர் சொல்லும்.

முதலில் பேட்டரி. அதைக் கழற்றி, வெளியே சார்ஜர் போட்டு, முழுக்க ஏற்று. சார்ஜரை எடுத்தவுடன் அளக்காதே, சில மணி நேரம் சும்மா கிடக்கட்டும். பிறகு 12.6க்கும் 12.8க்கும் இடையில் நின்றால் நல்லது. முழு சார்ஜுக்குப் பிறகும் 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், கழித்துப் பார். நின்ற வோல்டேஜ் நன்றாக இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் அதையும் நம்பாதே. பேட்டரியில் சந்தேகம் இருக்கும்வரை மற்ற எந்த அளவும் சாட்சி ஆகாது. செத்த பேட்டரி வருகிற கரண்ட்டையெல்லாம் இழுத்து விழுங்கும், நல்ல காயில்கூட அதன் முன்னால் கெட்டதுபோலத் தெரியும்.

இன்ஜினை ஓட்டி அளப்பதற்கு முன்னால் ஒன்று. இது கியர் மாற்ற வேண்டாத பெல்ட் வண்டி. ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் கிளட்ச் தானாகப் பிடிக்கும், வண்டி பாயும். நியூட்ரலில் போட்டாலும் பின்சக்கரம் இரண்டும் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் ஏற்றிவிடு. ஷெட் கதவைத் திறந்து வை, புகை உள்ளே தங்கக் கூடாது. துப்பட்டாவைப் பற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்வாய், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

இப்போது பேட்டரி முனைகளிலேயே மீட்டரை வை. ஐடிலிங்கில் எண் குறைவாக இருந்தால் பதறாதே. ஆக்சிலேட்டரை மெதுவாக உயர்த்து. இன்ஜின் மூவாயிரம், நாலாயிரம் சுற்றில் ஓடும்போது 13.5க்கு மேல், 14.5 பக்கம் வந்து நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ஆர்.ஆர். பிடியை விட்டுவிட்டது, உடனே நிறுத்து. உன் வண்டியில் எவ்வளவு கொடுத்தாலும் 12.9தான். கொஞ்சம் வருகிறது, போதவில்லை. ஒன்றுமே வராமல் இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். பாதி வருவதுதான் ஆளைச் சுற்றலில் விடும்.

இங்கேதான் பெரும்பாலான ஷெட்டில் யாரும் செய்யாத ஒரு அளவு இருக்கிறது. மீட்டரை டி.சி.யில் வை. கறுப்பு முனையை பேட்டரியின் ப்ளஸ் மேலேயே வை. ஆமாம், ப்ளஸ் மேலேயே. சிவப்பு முனையை ஆர்.ஆர். யூனிட்டிலிருந்து வெளியே வரும் சிவப்பு வயரில், கப்ளரின் பின்பக்கமாகக் குத்து. இன்ஜினை அதே வேகத்துக்கு ஏற்று. ஒரே வயரின் இரண்டு முனைதானே, பூஜ்யம்தானே காட்ட வேண்டும் என்று தோன்றும். கால் வோல்ட்டுக்குள் காட்டினால் பாதை சுத்தம். ஒன்று, ஒன்றரை காட்டினால், ஆர்.ஆர். ஒழுங்காகக் கொடுத்ததை வழியிலேயே யாரோ பறித்துக்கொள்கிறார்கள். அதேபோல எர்த் பக்கம்: பேட்டரி மைனஸில் ஒரு முனை, ஆர்.ஆர். யூனிட்டின் பச்சை வயரில் மறுமுனை.

ஓம் ரேஞ்சில் வைத்து 'பீப்' அடிக்கிறதா என்று பார்த்தால் போதாதா? போதாது. கணக்குப் போடு. கப்ளருக்குள் களிம்பு ஏறி 0.3 ஓம் தடை வந்திருக்கிறது என்று வை. மீட்டரின் சொந்த வயரே கிட்டத்தட்ட அவ்வளவு காட்டும், பீப்பும் சந்தோஷமாக அடிக்கும். ஆனால் அதில் 3 ஆம்பியர் ஓடும்போது 0.9 வோல்ட் அங்கேயே போய்விடும். போவது சூடாகவே போகும்; அந்தச் சூடு பிளாஸ்டிக்கை இளக்கும், பின்னை இன்னும் தளர்த்தும், தடை இன்னும் ஏறும். உன் மூன்றாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பார். ஆர்.ஆர். கப்ளரின் ஒரு மூலை பழுப்பேறியிருக்கிறது. புது ஆர்.ஆர். யூனிட்டைக் கொண்டுபோய் அதே பழைய கப்ளரில்தான் சொருகியிருக்கிறார்கள். என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.

அது கப்ளர் என்று தெரிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி சொருகாதே. வெந்த டெர்மினல் மறுபடி இறுகாது. வயரைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டு, புது டெர்மினலை ஒழுங்கான பிளையரால் கிரிம்ப் செய், ஸ்லீவ் போடு, மலையில் மழையும் சேறும் என்பதால் கப்ளருக்குள் கொஞ்சம் கிரீஸ் வை. முறுக்கி டேப் சுற்றுவது இரண்டு மழைக்குக்கூடத் தாங்காது. எர்த் பக்கம் குறை தெரிந்தால் லக்கைக் கழற்றி, சேஸிஸ் பெயின்ட்டை இரும்பு தெரியச் சுரண்டு. இன்ஜின் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே எர்த் வயர் ஒழுங்காக இல்லையென்றால் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும்?

பாதை சுத்தமாக இருந்தும் 12.9தான் என்றால் காயிலைப் பார்க்கலாம். இங்கே ஒரு குழி இருக்கிறது, படித்தவர்களே விழுவார்கள். புத்தகத்தில் "காயில் வயருக்கும் பாடிக்கும் தொடர்பு காட்டினால் காயில் போச்சு" என்று எழுதியிருக்கும். மூன்று மஞ்சள் வயர் வெளியே வரும் மூன்று-ஃபேஸ் காயிலுக்கு அது சரி. அதில் எந்த இரண்டு மஞ்சளை எடுத்தாலும் ஒரு ஓமுக்குள் ஒரே மாதிரி காட்ட வேண்டும், பாடிக்குத் தொடர்பே கூடாது. ஆனால் ஜி.ஒய்.6இல் பழைய எட்டுத்துருவக் காயிலின் ஒரு முனையை இன்ஜின் பாடியிலேயே எர்த் செய்திருப்பார்கள். வெள்ளை வயர் சார்ஜுக்கு, மஞ்சள் லைட்டுக்கு. இரண்டும் பாடிக்குத் தொடர்பு காட்டத்தான் செய்யும், காட்டாவிட்டால்தான் அறுந்திருக்கிறது. இது தெரியாமல் நல்ல காயிலைக் குப்பையில் போட்டவர்கள் ஏராளம். ஆகவே முதலில் எத்தனை வயர், என்ன நிறம் என்று பார்.

நிறத்தில் இன்னொன்று. ஸ்பிளெண்டர் வயரிங் உனக்கு அத்துபடி, அங்கே போலவே இங்கேயும் பச்சைதான் எர்த். கறுப்பு, சாவி போட்டதும் வரும் 12 வோல்ட். மற்ற கம்பெனி வண்டிகளில் கைபழகியவர்கள் கறுப்பைக் கண்டதும் எர்த் என்று பாடியில் கட்டிவிடுவார்கள், பியூஸ் படார் என்று போகும். முன்னால் யார் கை வைத்த வண்டி என்று தெரியாதபோது நிறத்தையும் முழுக்க நம்பாதே.

ஓம் அளவைவிட ஓட்டி அளப்பதே காயிலுக்கு நல்ல சோதனை. ஆர்.ஆர். கப்ளரைக் கழற்று, மீட்டரை ஏ.சி.யில் வை, வெள்ளையிலும் பாடியிலும் முனைகளை வைத்து இன்ஜினை ஏற்று. வோல்டேஜ் தடங்கலின்றி ஏறிக்கொண்டே போக வேண்டும். மூன்று மஞ்சள் என்றால் மூன்று ஜோடியும் ஒன்றுபோல ஏற வேண்டும். வேகத்தில் ஐம்பது வோல்ட்டையும் தாண்டலாம், திறந்த முனையை விரலால் தொடாதே. எத்தனை வோல்ட் வந்தால் சரி என்று கேட்பாய். உன் வண்டிக்கு மேனுவல் கிடையாது, ஆனால் பக்கத்திலேயே அதே மாடலில் நல்ல வண்டி நிற்கிறதே! அதை அதே மீட்டரால், அதே வேகத்தில் அளந்து நோட்டில் எழுது. அதைவிட நல்ல மேனுவலை அந்தக் கம்பெனியே தர முடியாது. வேகம் ஏறும்போது மலிவான மீட்டர் ஏ.சி.யைச் சற்றுத் தப்பாகக் காட்டும், அதனாலும் ஒப்பிட்டுப் பார்ப்பதே நிச்சயம்.

ஒரு ஜோடி மட்டும் தாழ்ந்தால் காயில். எல்லாமே சமமாகத் தாழ்ந்தால் காந்தம் பலம் இழந்திருக்கலாம், அல்லது அதன் பிடிப்பு விட்டிருக்கலாம். அப்போதுதான் மேக்னெட் புல்லர் தேவை. சுத்தியலால் மேக்னெட்டைத் தட்டிக் கழற்ற யாரையும் விடாதே. காயில் சரி, பாதை சரி, பேட்டரி சரி, அப்போதும் வரவில்லையென்றால் மிஞ்சுவது ஆர்.ஆர். ஒன்றுதான், மனசாரக் குற்றம் சாட்டு. சாட்டுவதற்கு முன் அதன் மேல் அப்பியிருக்கும் சேற்றைக் கழுவு. இந்த ரக ரெகுலேட்டர் மிச்ச மின்சாரத்தைக் காயிலுக்கே ஷார்ட் செய்து திருப்பும், சூடு எப்போதும் இருக்கும். அதன் அலுமினிய மடிப்புகளுக்குக் காற்று வேண்டும்.

'சார்ஜ் ஆகுதா பார்க்கலாம்' என்று ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைப் பிடுங்கும் பழக்கம் உங்கள் ஷெட்டிலும் இருக்கும். அதை மட்டும் என்ன விலை கொடுத்தாவது தடு. பேட்டரி இல்லாத நொடியில் வோல்டேஜ் துள்ளும், பல்பும் ஆர்.ஆர். யூனிட்டும் சேர்ந்தே போகும். இன்ஜின் நின்றுவிடாமல் ஓடினால் அதனால் ஒன்றும் நிரூபணமாகாது. இந்த வண்டிகளில் இக்னிஷனுக்குத் தனிக் காயில் இருப்பது உண்டு, பேட்டரி இல்லாமலே ஓடும்.

எல்லாம் சரியாக இருந்து பேட்டரி மட்டும் இறங்கினால் இரண்டு இடம் பாக்கி. ஒன்று, இரவில் கசிவு. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி மைனஸைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியரில் வை. சில மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஆர்.ஆர். கப்ளரைப் பிடுங்கு, எண் பூஜ்யமானால் அதன் டயோடு கசிகிறது. மீட்டர் அந்த நிலையில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதே.

இன்னொன்று வண்டியின் குற்றமே அல்ல. ரைடு பார்க் ஓட்டம் எப்படி? ஐந்து நிமிடச் சுற்று, அதிலும் பாதி ஊர்ந்து போவது, இறங்கியதும் ஆஃப், அடுத்த ஆளுக்கு மறுபடி செல்ஃப். ஒவ்வொரு செல்ஃபும் பேட்டரியிடம் வாங்கும் கடன். மோட்டார் 50 ஆம்பியர் இழுத்து 5 நொடி சுற்றினால் 250 ஆம்பியர்-நொடி. திருப்பிக் கொடுப்பது 1 ஆம்பியர் என்றால் 250 நொடி, நாலு நிமிடத்துக்கு மேல். பேட்டரி சார்ஜ் ஏற்றிக்கொள்வதில் நஷ்டம் வேறு. லைட்டும் எரிந்தால் திருப்பிக் கொடுக்கவே கையில் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன் காலையில் இந்தக் கணக்கை ஓனரிடம் காட்டு. இரண்டு சார்ஜர் வாங்கிப் போட்டு இரவில் மாற்றி மாற்றி ஏற்றினால் எத்தனை பேட்டரி மிச்சமாகும் என்று அவரே பெருக்கிப் பார்ப்பார்.

ஷெட் அண்ணனை எதிர்த்து வாதாடாதே. இன்ஜின் சத்தத்தை வைத்தே டேப்பெட் இடைவெளி சொல்லும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தக் காது நமக்கு வர வருஷங்கள் ஆகும். கரண்ட் மட்டும் காதுக்குக் கேட்காது. "அண்ணா, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் பிடிங்க, நான் மீட்டர் பார்க்கிறேன்" என்று அவரையே கூப்பிடு. ஒரே வயரின் இரண்டு முனைக்கு நடுவே ஒன்றரை வோல்ட் நிற்பதை அவர் தன் கண்ணாலேயே பார்க்கட்டும். அப்புறம் புல்லர் பேச்சு எழாது.

பேட்டரி நின்ற வோல்டேஜ், ஓடும்போது வோல்டேஜ், ப்ளஸ் பக்க இழப்பு, எர்த் பக்க இழப்பு, காயில் ஏ.சி. இந்த ஐந்தையும் நல்ல வண்டியிலும் கெட்ட வண்டியிலும் அளந்து, பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. கப்ளரைப் பிரித்தால் உள்பக்கம் ஒரு போட்டோவும் எடு. பெரியம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அதோடு என் கிரிம்பிங் பிளையரும் வரும்.

அன்புடன்,
பெரியப்பா