வீடற்றோர் பீடியை விட: நெய்வேலியில் துணை நிற்போருக்கு ஒரு வழிகாட்டி

நிகோடின் கலந்த திரவத்தை எரிக்காமல் ஆவியாக்கித் தரும் மின்சிகரெட்டை, வீடற்றோர் வந்துபோகும் மையங்களிலேயே இலவசமாகக் கொடுத்துப் புகைப்பழக்கத்தை நிறுத்தச் செய்யும் முறை பிரிட்டனில் ஆராயப்பட்டுள்ளது. நெய்வேலியில் அக்கருவிக்கு இடமில்லை. 2019ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம் விற்பனையோடு இருப்பு வைப்பதையும் குற்றமாக்கி, இருப்பு வைப்பதற்கு 6 மாதம் வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ விதிப்பதால், உதவும் எண்ணத்தோடு வாங்கி வைப்பவரும் சிக்கலுக்கு உள்ளாவார். ஆயினும் உதவியை ஆட்கள் இருக்குமிடத்துக்கே கொண்டுசெல்லும் அந்த வழியை, இங்கு அனுமதிக்கப்பட்ட நிகோடின் சூயிங்கத்தைக் கொண்டு பின்பற்றலாம்.

பேருந்து நிலையத்திலோ மந்தாரக்குப்பம் கடைத்தெருவிலோ இரவு தங்குவோரிடம், கூடியவரை ஒவ்வொரு முறையும் அதே ஆள், அதே நேரத்தில் செல்ல வேண்டும். பசியையும் தனிமையையும் பீடியால் தாங்குபவரிடம் முதல் நாளே அறிவுரை சொல்லுதல் தகாது. கண் விழித்த எவ்வளவு நேரத்தில் முதல் பீடியைப் பற்றவைக்கிறார் என்று கேட்டறிந்தால் போதும். அரை மணிக்குள் என்றால் நிகோடின் சார்பு, அதாவது அது இல்லாமல் உடல் தவிக்கும் நிலை, கடுமையானது. பீடி அடிக்கடி அணைந்துபோவதால் ஆழ்ந்தும் விரைந்தும் இழுக்கப்படுகிறது. ஆகவே அதைச் சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்ததாகக் கருதக் கூடாது. இரு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கு உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.

2 மில்லிகிராம் சூயிங்கம் மருந்துச்சீட்டின்றிக் கிடைக்கும். சார்பு கடுமையாக உள்ளவருக்குரிய 4 மில்லிகிராமுக்கும், கர்ப்பிணிகள், இதய நோயாளிகளுக்கும் மருத்துவரின் ஆலோசனை தேவை. இதைச் சாதாரண மிட்டாய்போல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய், விக்கலும் குமட்டலும் வரும். எனவே மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி, காரம் குறைந்தபின் மீண்டும் மெல்லுமாறு, ஏறக்குறைய அரை மணி நேரம், உடனிருந்து செய்துகாட்ட வேண்டும். டீ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் மருந்து சரியாக ஏறாது. டீயும் பீடியும் இணைந்தே வரும் வாழ்க்கையில் இது மிகுந்த கவனத்துக்குரியது. பல் இழந்தவருக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை பொருந்தும். வியர்வையைத் துடைத்துவிட்டு, நாளுக்கொரு இடமாக மாற்றி ஒட்ட வேண்டும்.

பொருள்களைப் பாதுகாக்க இடமில்லாதவர்களுக்குச் சில நாள்களுக்கானதை மட்டும் தருவதே நல்லது. கைப்பேசி உள்ளவருக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். அது பீடிக்கட்டின் மேலேயே அச்சிடப்பட்டுள்ளது. சுமார் 12 வாரம் நீளும் இம்முயற்சிக்கு நடுவில் ஒருவர் மீண்டும் பற்றவைத்தாலும், சில நாள் கண்ணில் படாமலே போனாலும், அவருக்குரிய சூயிங்கத்தை நிறுத்தாமல் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.