ஸ்பானருக்கு முன்னால் போன்

பாகங்களைச் சேர்த்து நாமே பூட்டும் கிட் கார் ஒன்றைக் கட்டும் ஆசை இருந்தால், எஞ்சினுக்காக வாங்கும் பழைய டோனர் காருக்குப் பணம் கொடுக்கும் முன்பே இன்சூரன்ஸ் புரோக்கருக்குப் போன் போட்டுவிடுங்கள். பிரிட்டனில் என் இருபதுகளின் தொடக்கத்தில் அப்படி ஒன்றைக் கட்டியவன் நான். பார்த்தவர்கள் எல்லாரும் வெல்டிங் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். வெல்டிங் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. அலையவிட்டது பாலிசிதான்.

என்னுடையது லோட்டஸ் செவன் சாயல். பழைய ஃபோர்டு சியராவின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றிக் குழாய்ச் சட்டத்தில் பூட்டியது. ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. ஷோரூம் கார்களுக்கு இன்சூரன்ஸ் தர மதிப்பீடு உண்டு. கராஜில் பிறந்த காருக்கு அப்படி எதுவும் இல்லை. விலை ஒப்பிடும் தளங்களோ எடுத்தவுடன் பதிவு எண்ணைக் கேட்கும்; இன்னும் கட்டாத காருக்கு அது ஏது? ஆகவே கிட் கார் பாலிசி எழுதும் புரோக்கர்களிடம் பேசித்தான் வாங்க வேண்டும். காரைப் பற்றி ஆர்வமாக விசாரிப்பார்கள். வயதைச் சொன்னதும் குரல் இறங்கும். 25 ஆகட்டும், பார்க்கலாம் என்று போனை வைப்பவர்களும் உண்டு.

எனக்குக் கதவைத் திறந்தது என் சாதாரண சின்ன கார். அதை என் பெயரிலேயே ஓட்டி நோ கிளெய்ம்ஸ் போனஸ் சேர்த்திருந்தேன். கிட் கார் இரண்டாவது வண்டி, ஆண்டுக்கு 3000 மைலுக்கு மேல் ஓடாது, இரவில் பூட்டிய கராஜில் நிற்கும், இம்மொபிலைசர் உண்டு என்றதும் பேச்சே மாறியது. எஞ்சினும் பிரீமியத்தை மாற்றும்: ஒரே சேசிஸுக்குக் கார் எஞ்சின், பைக் எஞ்சின் என்று சொல்லி இரண்டு விலை கேளுங்கள். பைக் எஞ்சின் மோகம் சிலருக்கு அங்கேயே தணிந்துவிடும்!

"அப்பா பேர்ல போட்டுட்டு உன் பேரைக் கீழே சேர்த்துக்கோப்பா" என்று ஒரு மாமா யோசனை சொன்னார். முக்கால்வாசி நேரம் ஓட்டுவது நாம் என்றால் இது மோசடி. பாலிசியே செல்லாமல் போனால், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கு. அதற்குக் குறைந்தது 6 பெனால்டி பாயின்ட். லைசென்ஸ் வாங்கி இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு 6 பாயின்டிலேயே லைசென்ஸ் பறிபோகும். மாமாவிடம் அன்பாக மறுத்துவிடுங்கள்.

காரின் மதிப்பை 'அக்ரீட் வேல்யூ' முறையில் முன்கூட்டியே எழுதி வாங்குவது அவசியம். நாமே கட்டிய காருக்குச் சந்தை விலையை யார் சொல்வது? நட்டு போல்ட்டு முதல் எல்லா ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டக் கட்டப் படம் எடுங்கள். விபத்தில் கார் நொறுங்கினால் மிச்சத்தை நாமே திரும்ப வாங்க முடியுமா என்றும் கேளுங்கள். கட்டும் காலத்துக்கென்றே தீ, திருட்டுக்குத் தனி பாலிசி கிடைக்கும்.

சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ஐ.வி.ஏ. சோதனைக்குப் போகும் நாளில் காருக்கு நம்பர் பிளேட் இருக்காது. முன்பதிவு செய்த சோதனைக்கு ஓட்டிப்போகச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் இன்சூரன்ஸ் கட்டாயம். சேசிஸ் எண்ணை வைத்து முன்பே பாலிசி போட்டுக்கொள்ளலாம். பதிவானதும் புது எண்ணைச் சொன்னால் போதும். அந்த எண் 'க்யூ' எழுத்தில் தொடங்கவும் வாய்ப்புண்டு. அதை ஏற்பார்களா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டே ஆசை உள்ளவர்கள் அதையும் தனியாகக் கேட்க வேண்டும். சாதாரண பாலிசியில் அது பெரும்பாலும் சேராது.